புயல் வந்த பிறகு பேக்கப் எடுக்க முடியாது: கம்ப்யூட்டர் தானாகவே நகல் எடுக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும் - முழு விளக்கம்

2018 நவம்பர் 16 அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் விழுந்தன. உள்கிராமங்கள் பல நாட்கள் இருட்டில் கிடந்தன.

பறந்த ஓட்டை மறுபடி வாங்கிப் போடலாம். தென்னையை மறுபடி நடலாம், காய்க்கப் பல வருஷம் ஆகும் என்றாலும். ஆனால் மழைத்தண்ணீர் இறங்கிய கம்ப்யூட்டருக்குள் இருந்த கல்யாணப் படங்களும், கடைக் கணக்கும், பாதி எழுதிய ஆய்வேடும் திரும்ப முளைப்பதில்லை. வேறு எங்காவது ஒரு நகல் இருந்தால்தான் உண்டு.

புயல் எச்சரிக்கை வந்த பிறகு தார்ப்பாய் தேடலாம். பேக்கப் எடுக்க முடியாது. அப்போது கரண்ட் போயிருக்கும், மனசும் அதில் இருக்காது. அதனால், உங்கள் பேக்கப் நேற்று இரவே முடிந்திருக்க வேண்டும். அதுவும் நீங்கள் ஞாபகம் வைக்காமலே முடிந்திருக்க வேண்டும். அதற்கான எளிய வழிதான் ஷெல் ஸ்கிரிப்ட்.

அது என்ன, எப்படி வேலை செய்கிறது, எங்கே சறுக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

யாருக்கெல்லாம் இது தேவை?

பெரிய நிறுவனங்களில் இதைப் பார்த்துக்கொள்ள தனி ஆட்கள் உண்டு. டெல்டாவின் கடைத்தெருக்களில் ஒரே ஒரு கம்ப்யூட்டரை நம்பித் தொழில் நடத்துபவர்களுக்குத்தான் இது அவசரத் தேவை.

முகூர்த்த மாதத்தில் பல கல்யாணங்களை ஒரே ஹார்ட் டிஸ்க்கில் கொட்டி வைத்திருக்கும் போட்டோ ஸ்டூடியோ. பத்திரிகை டிசைன்களை வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும் அச்சகம். மூட்டைக் கணக்கையும் பாக்கிக் கணக்கையும் கணக்கு மென்பொருளில் வைத்திருக்கும் அரிசி ஆலை, உரக்கடை. சம்பா சீசனில் சிட்டா, அடங்கல் என்று ஸ்கேன் செய்து பயிர்க் காப்பீட்டுக்கும் கொள்முதலுக்கும் பதிவு செய்து கொடுக்கும் பிரௌசிங் சென்டர். வீட்டில் பார்த்தால் ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்கள், பேரப்பிள்ளை படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் தாத்தா பாட்டி.

இவர்களிடம் பேக்கப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "பென் டிரைவ்ல ஒரு தடவை போட்டு வச்சேன்." எப்போது என்று கேட்டால் ஞாபகம் இருக்காது. சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்ல முடியாது. கையால் செய்யும் எந்த வேலையும் வேலை நெருக்கடி வரும்போது முதலில் விடுபடும். நிறைய புது ஃபைல்கள் சேருவதும் அதே நெருக்கடி நாட்களில்தான்.

தஞ்சாவூருக்கு நகல் எடுப்பது புதிதா?

இல்லை. பனையோலை என்றென்றும் இருக்காது. பூச்சி அரிக்கும், ஈரம் தாக்கும், நாளாக நாளாக ஒடியும். ஏடு சிதையும் முன்பு புது ஓலையில் எழுதிவைத்தால்தான் நூல் அடுத்த தலைமுறைக்குப் போகும். நம் கைக்கு வந்திருக்கும் பழைய நூல்கள் எல்லாம் நகலின் நகலின் நகல்தான்.

நாயக்கர் காலத்தில் அரண்மனை நூலகமாகத் தொடங்கிய தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தை இன்றைய பெருமைக்கு வளர்த்தவர் இரண்டாம் சரபோஜி மன்னர். 1820 வாக்கில் காசி யாத்திரை போனபோது, அங்கிருந்த சுவடிகளை வாங்கியதோடு, பண்டிதர்களை அமர்த்திப் பிரதி எடுக்கவும் வைத்தார். பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ.வே.சாமிநாத ஐயர், கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த காலத்தில் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு பிரதிகள் பிழைத்திருந்ததால்தான் அவரால் ஒப்பிட்டுப் பார்த்து, பாடத்தைச் சரிசெய்ய முடிந்தது.

ஒன்றுக்கு மேற்பட்ட நகல், வேறு வேறு ஊரில், சிதையும் முன்பே. இன்றைய பேக்கப் விதியும் இதேதான். மாறியது ஒன்றுதான்: அன்று பிரதி எடுக்க ஒரு மனிதர் மாதக்கணக்கில் உட்கார வேண்டும். இன்று அதே வேலையைக் கம்ப்யூட்டர் நீங்கள் சாப்பிடும் நேரத்தில் முடித்துவிடும்.

ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்குக் கட்டளைகளை எழுத்தில் கொடுக்கும் இடம்தான் ஷெல். மவுஸை இழுத்து, காப்பி பேஸ்ட் செய்து நீங்கள் முடிக்கும் வேலையை அங்கே ஒரு வரியில் சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட சில வரிகளை ஒரு சாதாரண எழுத்து ஃபைலில் வரிசையாக எழுதிவைத்தால் அதுதான் ஸ்கிரிப்ட். சமையல் குறிப்பு மாதிரி. கம்ப்யூட்டர் மேலிருந்து கீழாகப் படித்து, ஒவ்வொன்றாகச் செய்யும்.

லினக்ஸில் பெரும்பாலும் பயன்படும் ஷெல் 'பேஷ்'. விண்டோஸில் இதே வேலைக்கு 'பேட்ச் ஃபைல்' அல்லது 'பவர்ஷெல்' இருக்கிறது. லினக்ஸா, அதெல்லாம் நம்ம வீட்டில் ஏது என்று நினைக்க வேண்டாம். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில், முதலில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்த்து 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. பரணில் கிடக்கும் அந்தப் பழைய லேப்டாப் இன்னும் ஆன் ஆகிறதென்றால், அதையே பேக்கப் மெஷினாக மாற்றலாம். புது லினக்ஸ் ஒன்றை இலவசமாகப் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

என்னென்ன கருவிகள் தேவை?

இரண்டே இரண்டு. ஒன்று நகல் எடுக்க, இன்னொன்று நேரம் பார்க்க.

லினக்ஸில் நகல் எடுக்கும் கருவி 'ஆர்சிங்க்'. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் உருவாக்கி 1996-இல் வெளியிட்டது. முதல் நாள் எல்லா ஃபைல்களையும் நகல் எடுக்கும். அடுத்த நாளிலிருந்து அளவோ, மாற்றிய நேரமோ வேறுபடும் ஃபைல்களை மட்டும் எடுக்கும். அதனால் முதல் நாள் மணிக்கணக்கில் ஓடியது, மறுநாள் சில நிமிடங்களில் முடியும். நெட்வொர்க் வழியாக இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பும்போது, ஒரு ஃபைலுக்குள்ளேயே மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். அந்த முறைக்குப் பெயரே 'டெல்டா டிரான்ஸ்ஃபர்'. டெல்டாக்காரர்களுக்கு மறக்காத பெயர்.

நேரம் பார்க்கும் கருவி 'கிரான்'. யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் 1970-களிலிருந்தே இருக்கும் வேலைக்காரன். எந்த நேரத்தில் எந்த ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும் என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும்.

விண்டோஸில் நகல் எடுக்க 'ரோபோகாப்பி', நேரம் பார்க்க 'டாஸ்க் ஷெட்யூலர்'. இரண்டுமே விண்டோஸோடு சேர்ந்தே வருகின்றன. தனியாக எதையும் வாங்கவோ, டவுன்லோட் செய்யவோ வேண்டாம். ஆப்பிள் கம்ப்யூட்டரில் 'டைம் மெஷின்' என்ற வசதி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு வெளி டிரைவைச் செருகி அதை ஆன் செய்தால் போதும்.

ஸ்கிரிப்டில் என்ன எழுத வேண்டும்?

நல்ல பேக்கப் ஸ்கிரிப்ட் ஒரு கைப்பிடி வரிகளில் முடிந்துவிடும். கட்டளைகள் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதுதான் முக்கியம்.

முதலில், எதை நகல் எடுக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று இரண்டு முகவரிகள். முழு கம்ப்யூட்டரையும் எடுக்க வேண்டாம். விண்டோஸையும் மென்பொருட்களையும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் உருவாக்கிய ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர்கள் மட்டும் போதும்.

இரண்டாவது, வெளி டிரைவ் உண்மையிலேயே செருகப்பட்டிருக்கிறதா என்ற சோதனை. பலர் விட்டுவிடும் வரி இதுதான். டிரைவ் இல்லாதபோது ஸ்கிரிப்ட் அதே பெயரில் ஒரு ஃபோல்டரை உள் டிஸ்க்கிலேயே உருவாக்கி, அதில் நகல் எடுத்துக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. நீங்கள் பேக்கப் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். இதைத் தடுக்க எளிய வழி: வெளி டிரைவில் அடையாளத்துக்கு ஒரு காலி ஃபைல் வையுங்கள். அந்த ஃபைல் கண்ணில் பட்டால் மட்டும் மேலே போ, இல்லாவிட்டால் நின்றுவிடு என்று ஸ்கிரிப்டில் எழுதுங்கள்.

மூன்றாவது, நகல் எடுக்கும் வரி. ஆர்சிங்கில் 'ஆர்க்கைவ்' என்ற ஆப்ஷன் கொடுத்தால் உள் ஃபோல்டர்கள், தேதிகள் எல்லாம் அப்படியே போகும். கூடவே 'பேக்கப் டைரக்டரி' என்ற ஆப்ஷனையும் அன்றைய தேதிப் பெயரோடு கொடுங்கள். நேற்றைய ஃபைல் மேல் இன்றைய ஃபைல் எழுதப்படும்போது, நேற்றையது அழியாமல் அந்தத் தேதி ஃபோல்டருக்குப் போய்விடும். தேதி ஃபோல்டர்களை முதன்மை நகலுக்கு உள்ளே வைக்காமல் பக்கத்தில் தனியாக வையுங்கள்.

நான்காவது, என்ன நடந்தது என்று ஒரு லாக் ஃபைலில் எழுதிவைக்கும் வரி. தேதி, நேரம், வெற்றியா தோல்வியா. இது இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் நின்றுபோனதே தெரியாது.

எழுதி முடித்ததும் உடனே ஓட்டிவிடாதீர்கள். ஆர்சிங்கில் 'டிரை ரன்' என்ற ஆப்ஷன் இருக்கிறது. எதையும் தொடாமல், என்ன செய்யப் போகிறது என்று மட்டும் காட்டும். அதைப் படித்துப் பார்த்துவிட்டு நிஜமாக ஓட்டலாம்.

இன்னொரு சின்ன விஷயம். ஆர்சிங்கில் மூல ஃபோல்டரின் பெயருக்குக் கடைசியில் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் நகலாகும். போடாவிட்டால் அந்த ஃபோல்டரே நகலாகும். ஒரு நாள் போட்டு, ஒரு நாள் விட்டால் ஒரே விஷயம் இரண்டு இடத்தில் நிரம்பும்.

எந்த நேரத்தில் ஓட்டுவது?

பலரும் நள்ளிரவு 2 மணி என்று வைப்பார்கள். அந்த நேரத்தில் கடை கம்ப்யூட்டர் ஆஃப் ஆகியிருக்கும். ஆஃப் ஆன கம்ப்யூட்டரில் கிரான் ஓடாது. கம்ப்யூட்டர் கட்டாயம் ஆனில் இருக்கும் நேரமாகப் பாருங்கள்: மதியச் சாப்பாட்டு நேரம், அல்லது கடை அடைப்பதற்கு அரை மணி முன்பு.

கிரானில் ஒரு வரிக்கு ஐந்து இடங்கள்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. தினமும் இரவு 8:30-க்கு ஓட வேண்டும் என்றால்

30 20 * * *

என்று எழுதி, அதன் பக்கத்தில் ஸ்கிரிப்டின் முழு முகவரியைக் கொடுக்க வேண்டும். நட்சத்திரக் குறிக்கு 'எதுவானாலும் சரி' என்று அர்த்தம். முகவரியைப் பாதியாகக் கொடுத்தால், கையால் ஓட்டும்போது வேலை செய்த ஸ்கிரிப்ட் கிரானில் ஓடாமல் போகலாம்.

கரண்ட் கட் ஆனதால் ஒரு நாள் தவறிவிட்டால்? 'அனாக்ரான்' என்ற துணைக் கருவி, தவறிய தினசரி வேலையைக் கம்ப்யூட்டர் மறுபடி ஆன் ஆனதும் செய்துவிடும். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரிலும், தவறிய வேலையை முடிந்தவரை சீக்கிரம் ஓட்டு என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போடுங்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் இன்னொரு டிக்கையும் கவனிக்க வேண்டும். மின் இணைப்பில் இருந்தால் மட்டுமே வேலையைத் தொடங்கு என்ற கட்டுப்பாடு டாஸ்க் ஷெட்யூலரில் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். கரண்ட் இல்லாத மாலைகளில் லேப்டாப் பேட்டரியில் நன்றாகவே ஓடும், பேக்கப் மட்டும் ஓடாது. பேட்டரி நன்றாக இருந்தால் அந்த டிக்கை எடுத்துவிடலாம்.

கணக்கு மென்பொருள் பயன்படுத்துபவர்கள் அதை மூடிய பிறகு ஸ்கிரிப்ட் ஓடும்படி நேரம் வையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே நகல் எடுத்தால் பாதிக் கணக்கோடு பழுதான நகல் கிடைக்கலாம்.

எங்கே சறுக்கும்?

முதல் ஆபத்து, 'மிரர்'. ரோபோகாப்பியில் மிரர் ஆப்ஷன், ஆர்சிங்கில் டெலீட் ஆப்ஷன். இரண்டுமே மூலத்தில் இல்லாததை நகலிலிருந்தும் அழித்துவிடும். இடம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் நீங்கள் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டால், அன்றிரவு ஸ்கிரிப்ட் விசுவாசமாக நகலையும் அழிக்கும். முகவரிகளை இடம் மாற்றி எழுதிவிட்டால் இன்னும் மோசம். புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த இரண்டையும் தொட வேண்டாம். ரோபோகாப்பியில் உள் ஃபோல்டர்களையும் சேர்த்து நகல் எடுக்கும் ஆப்ஷன் மட்டும் போதும். ஆனால் ஆர்சிங்கைப் போல பழைய ஃபைலை அது தனியாக எடுத்து வைக்காது. அதனால் விண்டோஸ்காரர்கள் கிழமைக்கு ஒரு ஃபோல்டர் வைத்து, ஒவ்வொரு நாளும் அந்தந்தக் கிழமை ஃபோல்டருக்கு நகல் எடுத்தால், ஒரு வாரத்துப் பழைய ஃபைல்கள் கையில் இருக்கும்.

ரோபோகாப்பிக்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. மற்ற மென்பொருட்களில் 0 என்றால் வெற்றி, வேறு எண் என்றால் பிழை. ரோபோகாப்பியில் 8-க்குக் கீழே எந்த எண் வந்தாலும் பயப்பட வேண்டாம். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் ஏதோ நகலாகவில்லை என்று அர்த்தம். லாக் பார்க்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

இரண்டாவது ஆபத்து, எப்போதும் செருகியே இருக்கும் டிரைவ். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகின் 150 நாடுகள் வரை பரவியது. இப்படிப்பட்ட வைரஸ்கள் கம்ப்யூட்டரில் இருப்பதைப் பூட்டுவதோடு, செருகியிருக்கும் வெளி டிரைவையும் சேர்த்துப் பூட்டும். அதனால் ஒரு டிரைவாவது கழற்றி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, கூகுள் டிரைவில் இருக்கிறதே என்ற நிம்மதி. இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஒரே ஒரு கல்யாண வீடியோவுக்கே அது போதாது. அதோடு, சிங்க் வேறு, பேக்கப் வேறு. இங்கே அழித்தால் அங்கேயும் அழிவதுதான் சிங்க். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அவ்வளவுதான். கூடுதல் நகலாக வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பக் கூடாது.

ஒரு நகல் வெளியூரில் ஏன் இருக்க வேண்டும்?

கம்ப்யூட்டரும் பேக்கப் டிரைவும் ஒரே மேஜையில் இருந்தால் வெள்ளமோ, தீயோ, திருடனோ இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். உலகம் முழுக்கச் சொல்லப்படும் விதி 3-2-1: மொத்தம் 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அதில் 1 வேறு இடத்தில்.

பிக்ஸார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' படத்தை எடுத்துக்கொண்டிருந்த 1998-இல், தவறாகக் கொடுக்கப்பட்ட ஒரு கட்டளையால் படத்தின் ஃபைல்கள் மளமளவென்று அழிந்தன. பேக்கப்பைத் தேடினால் அதுவும் சரியாக இல்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்த கேலின் சஸ்மேன் என்ற ஊழியரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதிலிருந்துதான் பெரும்பகுதியை மீட்டார்கள்.

உங்களுக்கு இதற்குப் பெரிய செலவு ஆகாது. இரண்டு வெளி டிரைவ்கள் போதும். ஒன்று கடையில், இன்னொன்று திருச்சியிலோ சென்னையிலோ இருக்கும் மகள் வீட்டில், தம்பி வீட்டில். மாதம் ஒருமுறை போய்வரும்போது மாற்றிக்கொள்ளலாம். வெளியே போகும் டிரைவுக்குப் பாஸ்வேர்டு போட்டு என்கிரிப்ட் செய்துவிடுங்கள். அந்தப் பாஸ்வேர்டை வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும்படி வையுங்கள்.

வாடிக்கையாளர்களின் ஆதார், பட்டா நகல்களை வைத்திருக்கும் சென்டர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வேலை முடிந்த மற்றவர்களின் ஆவணங்களைப் பேக்கப்பில் சேர்க்காமல் அழித்துவிடுவதே நல்லது. நகல் கூடக் கூட, அது தவறான கைக்குப் போகும் வாய்ப்பும் கூடும்.

பேக்கப் வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்?

திறந்து பார்த்தால்தான் தெரியும். 2017 ஜனவரி 31 அன்று, உலகம் முழுக்க மென்பொருள் எழுதுபவர்கள் பயன்படுத்தும் கிட்லேப் தளத்தில், சோர்ந்துபோயிருந்த ஊழியர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்புக்குப் பல ஏற்பாடுகள் இருந்தன. எடுத்துப் பார்த்தால், தினசரி நகல் எடுக்கும் வேலை சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் இமெயில்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. நல்லவேளையாக, வேறொரு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு பிரதி இருந்ததால் தப்பித்தார்கள். நடந்ததை அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது.

சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் இடத்திலேயே இப்படி நடக்கும் என்றால், கடைத்தெருவில் நடக்காதா?

அதனால் மாதம் ஒரு நாள், பத்து நிமிடம் ஒதுக்குங்கள். லாக் ஃபைலில் கடைசித் தேதி நேற்றுதானா என்று பாருங்கள். பேக்கப் டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, ஒரு பழைய படம், ஒரு புதுப் படம், ஒரு கணக்கு ஃபைல் என்று மூன்றைத் திறந்து பாருங்கள். தமிழில் பெயர் வைத்த ஃபைல் இருந்தால் அதையும் திறந்து, பெயர் உடையாமல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அமாவாசை, முதல் தேதி என்று மறக்காத ஒரு நாளைப் பிடித்துக்கொண்டால் பழகிவிடும். கையால் செய்ய வேண்டிய வேலை இது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஸ்கிரிப்டின் பொறுப்பு.

சுருக்கமாக

• உங்கள் சொந்த ஃபைல்கள் எந்தெந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று முதலில் பட்டியல் போடுங்கள்.

• லினக்ஸ் என்றால் ஆர்சிங்க், கிரான். விண்டோஸ் என்றால் ரோபோகாப்பி, டாஸ்க் ஷெட்யூலர்.

• டிரைவ் செருகியிருக்கிறதா என்ற சோதனையும், லாக் எழுதும் வரியும் ஸ்கிரிப்டில் கட்டாயம் இருக்க வேண்டும்.

• மிரர், டெலீட் ஆப்ஷன்கள் வேண்டாம். பழைய ஃபைல்களைத் தேதி அல்லது கிழமை வாரியாகத் தனியே வையுங்கள்.

• கம்ப்யூட்டர் ஆனில் இருக்கும் நேரத்தில் ஓட்டுங்கள். தவறினால் பிறகு ஓடும்படி அமைத்துவிடுங்கள்.

• இரண்டு டிரைவ், அதில் ஒன்று வெளியூரில்.

• மாதம் ஒருமுறை மூன்று ஃபைல்களைத் திறந்து பாருங்கள்.

விளைச்சல் எவ்வளவு குறைந்தாலும் விதைநெல்லைத் தொடாத ஊர் இது. அதைத் தனியாகக் கட்டி, ஈரம் படாமல், வேறு இடத்தில் வைப்பது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதற்கும் அதே கவனம் கொடுத்தால் போதும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் ஸ்கிரிப்டை எழுதி முடித்துவிடலாம்.